கதவை அடைத்தவர்கள் கடிகாரத்தையும் நிறுத்தட்டும்

2020 மார்ச் 20 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை, உலகம் முழுவதும் உள்ள தன் தூதரகங்களில் வழக்கமான விசா பணிகளை நிறுத்தியது. அறிவிப்பு சில வரிகள்தான். மறுபடி எப்போது திறப்பார்கள் என்பதற்கு அதில் தேதி கிடையாது. மார்ச் 22 முதல் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் இந்தியாவில் இறங்குவது நின்றது. 25ஆம் தேதி நாடே வீட்டுக்குள் முடங்கியது. பெருந்தொற்று பரவிய அந்த நாட்களில் நேர்காணல் அறைகளைப் பூட்டியதில் யாரும் குற்றம் காண முடியாது. சென்னை அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில் வழக்கமாக நிற்கும் வரிசை காணாமல் போனதில் வியப்பும் இல்லை.

குற்றம் காண வேண்டிய இடம் வேறு. கவுண்டர் மூடியது, ஆனால், சட்டம் விதித்த கெடுக்கள் எதுவும் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு வயது ஏறியது. மருத்துவச் சான்றுகள் காலாவதியாயின. ஆண்டு ஒதுக்கீட்டு விசாக்கள் ஆண்டு முடிவில் கைமாறிப் போயின. மூடியது அரசு. அதற்கான விலையைக் கொடுத்தவை கணவன் ஒரு நாட்டிலும் மனைவி இன்னொரு நாட்டிலுமாகக் கிடந்த குடும்பங்கள். தூதரகம் எந்தக் காரணத்துக்காக மூடப்பட்டாலும், அந்த நாட்களை விண்ணப்பதாரரின் கணக்கில் எழுதக் கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால் இந்தத் துன்பத்தின் பெரும்பகுதி நேர்ந்திருக்காது.

வரிசையில் நிற்பவர்கள் யார்?

அமெரிக்கச் சட்டம் குடும்பங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குள் உள்ள திருமணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் துணைவர், பிள்ளைகள், குடிமக்களின் வளர்ந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அடுத்த பிரிவு. இவர்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 2,26,000 விசாக்கள்தான். அதிலும் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு உண்டு. 2021இல் அமெரிக்கக் குடிமக்களின் இந்திய உடன்பிறப்புகளில் அழைக்கப்பட்டவர்கள், 2005ஆம் ஆண்டில் மனு போட்டவர்கள். மனு போட்டபோது தொட்டிலில் இருந்த பிள்ளை, அழைப்பு வரும்போது பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்யாணச் சந்தையில் 'கிரீன் கார்டு மாப்பிள்ளை'க்குத் தனி மவுசு உண்டு. அந்தச் சந்தை வெளியே சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் மாப்பிள்ளையின் மனைவி, சார்ந்தோருக்கான எச்-4 விசா வாங்கி விமானம் ஏறிவிடலாம். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு கல்யாணம் செய்தவரின் மனைவிக்கு அந்தக் குறுக்கு வழி கிடையாது. ஐ-130 மனு, அதற்கான ஒப்புதல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் இருக்கும் நேஷனல் விசா சென்டரில் கோப்புச் சரிபார்ப்பு, பிறகு நேர்காணல் என்று எல்லாப் படிகளையும் அவர் ஏறியாக வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் காலத்திலேயே இதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும்.

கோப்பு முழுமை என்று விசா சென்டர் சொல்லிவிட்டால் 'டிக்யூ ஆகிவிட்டது' என்பார்கள். அதற்குப் பிறகு நேர்காணல் ஸ்லாட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல்கள் பெரும்பாலும் மும்பையில்தான் நடக்கின்றன. திருநெல்வேலிக்காரரானாலும் கோயம்புத்தூர்க்காரரானாலும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் பிசிசி (காவல்துறை நற்சான்று) வாங்கி, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மெடிக்கல் முடித்து, மும்பைக்கு ரயிலோ விமானமோ ஏற வேண்டும். 2020இலும் 2021இலும் நாட்டிலேயே தொற்று கடுமையாகத் தாக்கிய நகரங்களில் ஒன்று மும்பை. ஒரு நகரம் படுத்தால் ஒரு நாட்டின் வரிசையே படுத்துவிடும் ஏற்பாடு இது.

எண்கள் இந்த நெரிசலைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2019 நிதியாண்டில் வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கத் தூதரகங்கள் 4,62,422 குடியேற்ற விசாக்கள் வழங்கின. 2020 நிதியாண்டில் அது 2,40,526 ஆகச் சரிந்தது. 2019இல் எந்த ஒரு மாதத்தை எடுத்தாலும், கோப்பு முழுமையாகி நேர்காணல் தேதிக்காகக் காத்திருந்தவர்கள் சராசரியாக 61 ஆயிரம் பேர். 2021 தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 4.7 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இவர்கள் எல்லோரும் கட்டணம் செலுத்தி, ஆவணம் கொடுத்து, ஸ்பான்சரின் வருமானக் கணக்கைக் காட்டி, அரசு கேட்டதையெல்லாம் செய்து முடித்தவர்கள்.

நோய்க்குப் பின்னால் வந்த அரசியல்

தூதரகங்களை மூடிய ஒரு மாதத்தில், 2020 ஏப்ரல் 22 அன்று, அதிபர் டொனால்ட் ட்ரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார். புதிய குடியேற்ற விசாக்காரர்கள் நாட்டுக்குள் வருவதை 60 நாட்களுக்கு நிறுத்திவைக்கும் உத்தரவு அது. சொல்லப்பட்ட காரணம் நோய்த்தொற்று அல்ல. வேலையிழந்த அமெரிக்கர்களைப் போட்டியிலிருந்து காப்பது. 60 நாள் ஆண்டு இறுதிவரை நீண்டது. பிறகு 2021 மார்ச் 31 வரை நீட்டப்பட்டது. ஜூன் மாதம் வந்த இன்னொரு பிரகடனம் எச்-1பி விசாக்காரர்களையும் அவர்களின் எச்-4 குடும்பத்தினரையும் சேர்த்துக்கொண்டது. குறுக்கு வழியும் அடைபட்டது.

குடிமக்களின் துணைவருக்கும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் விலக்கு தரப்பட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு விலக்கு இல்லை. குடிமகனைப் பெற்ற தாய்க்கும் இல்லை. பேரப்பிள்ளையைத் தூக்கி வளர்க்கப் போகும் 70 வயதுப் பாட்டி, எந்த அமெரிக்கரின் வேலையைப் பறித்துவிடுவார் என்பதைப் பிரகடனம் விளக்கவில்லை. 2021 பிப்ரவரி 24 அன்று அதிபர் ஜோ பைடன் அதை ரத்து செய்தபோது, குடும்பங்கள் ஒன்றுசேர்வதைத் தடுப்பதால் அந்த உத்தரவு அமெரிக்காவுக்கே கேடு விளைவிக்கிறது என்று காரணம் கூறப்பட்டது.

ரத்தானதும் கதவு திறந்துவிடவில்லை. ஏப்ரல் இறுதியில் இந்தியாவில் இரண்டாம் அலை தலைவிரித்தாடியது. குடியேற்ற விசாக்காரர்களை அமெரிக்கா அந்தச் சமயத்தில் தடுக்கவில்லை. ஆனால், விசா கொடுக்க வேண்டிய அலுவலகங்களே மறுபடி ஆள் குறைந்து தடுமாறின. சட்டப்படி போகலாம், நடைமுறையில் நேர்காணல் தேதி கிடையாது.

ஓடிய கடிகாரங்கள்

முதல் கடிகாரம் பிள்ளையின் வயது. 21ஆம் பிறந்தநாள் வந்துவிட்டால் அமெரிக்கச் சட்டத்தில் அவர் 'குழந்தை' ஆக மாட்டார். அரசின் தாமதத்துக்குப் பிள்ளைகள் பலியாகக் கூடாது என்று 2002இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனு பரிசீலனையில் கிடந்த காலத்தை அது வயதிலிருந்து கழிக்கிறது. ஒப்புதல் ஆன பிறகு ஒதுக்கீட்டுக்காக வரிசையில் நிற்கும் ஆண்டுகளைக் கழிப்பதில்லை. இதன் வலி 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் தெரிந்தது. எல் சால்வடாரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்காக, அமெரிக்கக் குடிமகளான அவர் தாய் 1998இல் மனு செய்தார். அப்போது அந்தப் பெண்ணின் மகனுக்கு 13 வயது. விசா எண் கிடைத்தது 2005 நவம்பரில். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன் மகனுக்கு 21 முடிந்திருந்தது. தாய்க்குக் கதவு திறந்தது; மகன் புதிதாக வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற அரசின் நிலைப்பாட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நான்கு மாதம் ஒருவர் வாழ்க்கையை இப்படித் திருப்பும் சட்டத்தில், ஓராண்டுப் பூட்டு என்ன செய்யும் என்பதை அதிகாரிகளும் அறிந்தே இருந்தார்கள். 2021 ஏப்ரலில் வெளியுறவுத் துறை குடியேற்ற விசாக்களுக்கு நான்கு அடுக்கு முன்னுரிமைப் பட்டியல் போட்டபோது, வயது கடக்கவிருக்கும் பிள்ளைகளை முதல் அடுக்கில் வைத்தது. பாராட்டத்தக்க முடிவுதான். ஆனால், அது அதிகாரியின் கருணையில் கிடைத்த சலுகை. உரிமையாகச் சட்டத்தில் எழுதப்படவில்லை.

இரண்டாவது, காகிதங்களின் ஆயுள். மெடிக்கல் அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். விசாவின் ஆயுளும் வழக்கமாக அதற்குள்தான் அடங்கும். 2020 தொடக்கத்தில் விசா முத்திரை வாங்கியும் விமானம் இல்லாமல் நின்றவர்களின் விசா, பாஸ்போர்ட்டுக்குள் இருந்தபடியே செத்தது. ஏற்கெனவே நேர்காணலில் தேறியவர்களை மறுபடி நேரில் அழைக்காமலே புது விசா தர வழிசெய்யும் விதி 2021 டிசம்பரில்தான் வந்தது. செய்ய முடிகிற காரியம் இது. அதைச் செய்ய ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

மூன்றாவதுதான் மிகப் பெரிது. வெளியில் அதிகம் பேசப்படாததும் அதுவே. ரேஷன் கடை மாதம் முழுக்கப் பூட்டிக் கிடந்துவிட்டு, 'போன மாத அரிசியை வாங்காதது உங்கள் தவறு, அது வேறு கடைக்குப் போய்விட்டது' என்று சொன்னால் ஊர் சும்மா இருக்காது. குடும்ப விசாக்களுக்கு நடந்தது இதுதான். அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. அதற்குள் பயன்படுத்தப்படாத குடும்ப ஒதுக்கீட்டு எண்கள் அடுத்த ஆண்டு வேலைவாய்ப்புப் பிரிவின் கணக்கில் சேரும் என்பது சட்டம். 2020 நிதியாண்டில் தூதரகங்கள் பூட்டிக் கிடந்ததால் சுமார் 1,22,000 எண்கள் இப்படி மாறின. வழக்கமாக 1,40,000 ஆக இருக்கும் வேலைவாய்ப்பு விசாக்கள் 2021இல் 2,62,288 ஆக உயர்ந்தன, 2022இல் 2,81,507. இரண்டு ஆண்டுகளில் குடும்பங்களின் வரிசையிலிருந்து ஏறத்தாழ 2.6 லட்சம் இடங்கள் போய்விட்டன.

அந்த எண்களில் ஒரு பங்கு, அமெரிக்காவிலேயே பல ஆண்டுகளாகக் காத்திருந்த இந்தியப் பொறியாளர்களுக்குக் கிடைத்தது. அவர்களில் தமிழர்களும் உண்டு. அவர்களுடைய காத்திருப்பும் அநியாயமானதுதான். கிடைத்ததற்கு அவர்களைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு அலுவலகம் வழியாகக் கிரீன் கார்டு விரைந்து வந்து, இன்னொரு அண்ணன் ஸ்பான்சர் செய்த தங்கையின் வரிசை அசையாமல் நிற்கும் விசித்திரத்துக்கு இது வழிவகுத்தது. இதைவிடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. 2021இல் வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போன எண்களில் சுமார் 66 ஆயிரம், பரிசீலிக்க ஆளில்லாமல் யாருக்கும் பயன்படாமலே காலாவதியாயின. ஒருவரிடமிருந்து எடுத்ததை இன்னொருவருக்கும் முழுதாகக் கொடுக்க முடியவில்லை.

கெடு எவ்வளவு இரக்கமற்றது என்பதற்குக் குலுக்கல் விசா நல்ல சான்று. அதில் தேர்வானவரும் அவர் குடும்பமும் அந்த நிதியாண்டுக்குள் விசா பெற்றாக வேண்டும். 2020 செப்டம்பரில், கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது, குஜராத்தில் பிறந்தவரும் வாஷிங்டன் மாவட்ட நீதிபதியுமான அமித் மேத்தா, அந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டார். கெடு முடிந்த பிறகும் பயன்படும் வகையில் 9,095 விசாக்களை ஒதுக்கி வைக்கவும் சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், நிதியாண்டு முடிந்த பின் விசா வழங்கச் சொல்ல நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவைப் பூட்டியது அரசுதான் என்பது நிரூபணமானாலும், ஓடி முடிந்த கடிகாரத்தைத் திருப்பி வைக்க நீதிபதிக்கும் சாவி இல்லை.

தாமதத்தால் ஒரு நன்மையும் விளைந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் நுழையும் துணைவருக்கு இரண்டு ஆண்டு நிபந்தனை கிரீன் கார்டுதான் தருவார்கள். கல்யாணம் போலி இல்லை என்று பிறகு நிரூபிக்க வேண்டும். தூதரகம் மூடியிருந்த காலத்தில் இரண்டாம் திருமண நாளைத் தனித்தனி நாடுகளில் கொண்டாடியவர்களுக்கு நேராகப் பத்தாண்டு அட்டை கிடைத்தது. சேர்ந்து வாழ விடாததால் கிடைத்த நம்பிக்கைச் சான்றிதழ்!

ஹவானாவின் ஐந்து ஆண்டுகள்

பெருந்தொற்று எதிர்பாராதது, இனி இப்படி நடக்காது என்று ஆறுதல் கொள்ளலாம். கியூபக் குடும்பங்களிடம் இந்த ஆறுதல் செல்லாது. 2017 செப்டம்பரில், தூதரக ஊழியர்களுக்கு ஏற்பட்ட விளங்காத உடல்நலக் கோளாறுகளைக் காரணம் காட்டி, அமெரிக்கா ஹவானா தூதரகத்தின் பெரும்பகுதி ஊழியர்களைத் திரும்ப அழைத்தது. விசா பணி நின்றது. அமெரிக்காவில் உள்ள உறவினர் அழைத்த கியூபர்கள், நேர்காணலுக்கு முதலில் கொலம்பியாவின் பொகோட்டாவுக்கும், 2018 ஜூன் முதல் தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானாவின் ஜார்ஜ்டவுனுக்கும் போகச் சொல்லப்பட்டார்கள். மாதச் சம்பளம் சில பத்து டாலர்களைத் தாண்டாத நாட்டில், குடும்பத்தோடு விமானம் ஏறி, அந்நிய ஊரில் அறை எடுத்து, மெடிக்கலும் நேர்காணலும் முடியும்வரை தங்க வேண்டும். மயாமியில் இருக்கும் உறவினர் பணம் அனுப்பினால் உண்டு. இல்லையென்றால் கோப்பு தூங்கும். 2007இல் தொடங்கிய கியூபக் குடும்ப ஒன்றிணைப்புத் திட்டமும் அதே பூட்டில் மாட்டிக்கொண்டது.

ஹவானாவில் குடியேற்ற விசா வேலை 2022 மே மாதம் சிறிய அளவில் தொடங்கியது. முதலில் குடிமக்களின் பெற்றோருக்கு மட்டும். 2023 ஜனவரி 4 அன்றுதான் முழு அளவில் திறந்தது. கியூபர்கள் ஆண்டுக்குக் குறைந்தது 20,000 பேர் சட்டபூர்வமாக வர வழிசெய்வதாக 1994இல் அமெரிக்கா கொடுத்த வாக்குறுதி இடைப்பட்ட ஆண்டுகளில் காற்றில் பறந்தது. 2022 நிதியாண்டில் 2.2 லட்சம் கியூபர்கள் மெக்சிகோ எல்லையில் அமெரிக்க அதிகாரிகளின் கையில் சிக்கினார்கள். பொருளாதாரச் சரிவு, 2021 ஜூலை போராட்டத்துக்குப் பிந்தைய அடக்குமுறை, விசா இல்லாமல் வரலாம் என்று நிகரகுவா கதவு திறந்தது என இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால், கவுண்டரை மூடினால் ஆட்கள் வருவது நின்றுவிடும் என்று நினைத்தவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சில கவுண்டர்கள் திறப்பதே இல்லை. 1979இல் தூதரகம் கைப்பற்றப்பட்டதிலிருந்து ஈரானியர்கள் விசாவுக்காக அங்காரா, யெரெவான், அபுதாபி என்று அலைகிறார்கள். 2021 ஆகஸ்ட் 31 முதல் காபூல் தூதரகமும் இயங்கவில்லை. தொற்று, உடல்நலக் கோளாறு, போர், அரசியல் என்று காரணங்கள் மாறுகின்றன. கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு மட்டும் எல்லாச் சமயத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது.

முடியும் என்று காட்டியவர்கள்

'ஆள் இல்லை, பணம் இல்லை, பாதுகாப்பு முக்கியம்' என்று அரசுகள் சொல்லும் வாதத்தில் உண்மை உண்டு. அமெரிக்கத் தூதரகப் பணிகள் பெரும்பாலும் விண்ணப்பதாரர் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகின்றன. 2020இல் சுற்றுலா விசாக் கட்டணம் வற்றியதும் ஆளெடுப்பும் நின்றது. திறந்த பிறகு வேகம் எடுக்க முடியாததற்கு அது ஒரு காரணம். விரல்ரேகை பார்க்காமல், ஆளை நேரில் காணாமல் விசா கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நேர்காணல் தாமதமாகலாம். தாமதத்தின் தண்டனையை யார் மீது போடுவது என்பதுதான் பிரச்சினை.

கனடாவில் இதற்கான விடையின் ஒரு பாதி ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது. குடும்ப விண்ணப்பத்தில் பிள்ளையின் வயது, முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த நாளில் உறைந்துவிடும். அதன் பிறகு அலுவலகம் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டாலும் பிள்ளை பிள்ளைதான். 2017 அக்டோபரில் அந்த வயது வரம்பையும் 19க்குக் கீழ் என்பதிலிருந்து 22க்குக் கீழ் என்று கனடா தளர்த்தியது. 2020இல் ஆவணம் தர முடியாதவர்களின் விண்ணப்பங்களை அந்தக் காரணத்துக்காக நிராகரிக்காமல் கெடுக்களை நீட்டித்தார்கள். ஏற்கெனவே பத்தாண்டுக்குள் விரல்ரேகை கொடுத்தவர்கள் மீண்டும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். 2020 செப்டம்பரில், கணவன் மனைவி விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரிகளின் எண்ணிக்கையை 66 சதவீதம் கூட்டி, மாதம் 6,000 கோப்புகளை முடிப்பது என்று இலக்கு வைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் டொரொன்டோவுக்குப் போகக் காத்திருந்த தமிழ்த் துணைவர்களுக்கும் அந்தக் கெடு நீட்டிப்புகள் பொருந்தின. தாமதம் அங்கும் இருந்தது, கோபமும் இருந்தது. ஆனால், மூடிய காலத்துக்கான தண்டனை விண்ணப்பதாரர் மேல் அப்படியே விழவில்லை.

பிரிட்டனும் ஓரளவு அப்படியே நடந்துகொண்டது. பயணம் செய்ய 30 நாள் மட்டும் செல்லும் நுழைவு முத்திரை ஊரடங்கில் காலாவதியானபோது, கட்டணம் இல்லாமல் 90 நாள் முத்திரை தந்தது. துணைவரை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்ற அப்போதைய விதியில், தொற்றால் சம்பளம் குறைந்தவர்களுக்கு முந்தைய வருமானத்தையே கணக்கில் எடுத்தது.

2023இல் இந்தியா-கனடா ராஜதந்திர மோதலின்போது இன்னொரு பாடமும் கிடைத்தது. அக்டோபரில் கனடா தன் 41 தூதரக அதிகாரிகளை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்தது. இந்தியாவில் இருந்த அதன் குடிவரவுத் துறை அலுவலர்கள் 27இலிருந்து 5 பேராகக் குறைந்தார்கள். ஆனால், இந்தியர்களின் விண்ணப்பங்களில் 89 சதவீதம் ஏற்கெனவே இந்தியாவுக்கு வெளியே உள்ள அலுவலகங்களில்தான் பரிசீலிக்கப்பட்டு வந்தன. அதனால் வேகம் குறைந்தாலும் கோப்புகள் நகர்ந்தன. காகிதம் பார்க்கிற மேசை, கதவு இருக்கிற ஊரிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

நீதிமன்றங்களை நம்பிப் பயனில்லை என்பது கடந்த சில ஆண்டுகளில் தெளிவாகிவிட்டது. 2024 ஜூனில் மூன்யோஸ் வழக்கில், வெளிநாட்டவரான கணவரையோ மனைவியையோ நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது ஓர் அமெரிக்கக் குடிமகனின் அடிப்படை உரிமையாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆக, மாற்றம் நாடாளுமன்றத்தில்தான் பிறக்க வேண்டும். அங்கே வாக்குரிமை உள்ளவர்கள் தூதரக வாசலில் நிற்பவர்கள் அல்லர், அவர்களை அழைத்தவர்கள். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இருக்கும் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு வரும் தொகுதி உறுப்பினருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நிற்காமல், மூன்று சட்டத் திருத்தங்களை எழுதிக் கையில் கொடுக்கலாம்.

ஒன்று, பிள்ளையின் வயது மனு போட்ட நாளில் உறைய வேண்டும். அமெரிக்கக் குடிமக்களின் நேரடிப் பிள்ளைகளுக்கு இது இப்போதே உண்டு. மற்றப் பிரிவுகளுக்கும் விரிவாக்கினால் போதும். இரண்டு, தூதரகம் மூடியதால் பயன்படாத குடும்ப விசாக்கள் அடுத்த ஆண்டும் குடும்பக் கணக்கிலேயே இருக்க வேண்டும். மூன்று, மூடிய காலத்தில் காலாவதியான விசாவும் மருத்துவச் சான்றும் மீண்டும் பணம் கட்டாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். இவற்றில் எதுவும் ஒரு கூடுதல் ஆளைக்கூட நாட்டுக்குள் விடச் சொல்லவில்லை. ஏற்கெனவே சட்டம் அனுமதித்த எண்ணிக்கையை, சட்டம் அனுமதித்த ஆட்களுக்கே கொடுக்கச் சொல்கின்றன. குடியேற்றத்தை எதிர்ப்பவர்களும் இதை எதிர்க்கக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

இந்திய அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. அமெரிக்காவுடன் நடத்தும் தூதரகப் பேச்சுவார்த்தைகளில் இந்தியத் தரப்பில் எச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசாவுக்கான காத்திருப்பு நாட்கள் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. குடும்பத்தோடு சேரப் போகிறவர்களுக்காகப் பேசத் தொழில் கூட்டமைப்பும் இல்லை, பல்கலைக்கழகமும் இல்லை. 2025 ஜனவரி 17 அன்று பெங்களூருவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. அகமதாபாத்துக்கும் ஒன்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. இத்தனை அலுவலகங்கள் பெருகும்போது குடியேற்ற விசா நேர்காணலை மும்பையின் தலையிலேயே கட்டி வைத்திருப்பதற்கு வலுவான காரணம் தெரியவில்லை. சென்னையிலும் ஹைதராபாத்திலும் அந்த வேலையைத் தொடங்கினால், அடுத்த முறை ஒரு நகரம் முடங்கும்போது மற்றொன்று கோப்புகளைத் தாங்கிக்கொள்ளும். முதுகுவலியோடு மும்பைக்குப் போய்வரும் பெற்றோருக்கு ஒரு விமானச் செலவும் மிச்சமாகும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறை டெல்லிக்கு எழுதும் அடுத்த கடிதத்தில் இந்தக் கோரிக்கையை முதல் வரியாக வைக்கலாம்.